தோல் வளையம்

நீரழுத்த யந்திரத்தின் சரித்திரத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த யந்திரத்தைவிட அதன் ஒழுகல்தான் சுவாரசியமாகப் படுகிறது.

அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர், வருஷம் 1795. யார்க்ஷயர் குடியானவரின் பிள்ளை. இளம் வயதில் கால் ஊனமானதால் ஏரை விட்டுத் தச்சு வேலைக்கு வந்தார். லண்டனில் பூட்டுச் செய்து பெயர் வாங்கிய பிறகு தண்ணீரைப் பிடித்தார்.

அடைபட்ட நீரை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் நூறு வருஷத்துக்கு முன்பே சொன்ன விஷயம் இது. ஒரு பக்கம் சின்னத் தண்டு; மறு பக்கம் அதைப் போல் 100 மடங்கு பரப்புள்ள பெரிய தண்டு. சின்னதைக் கையால் அழுத்தினால் பெரியது 100 மடங்கு பலத்துடன் எழும்பும். இனாமாக அல்ல. சின்னது 100 அங்குலம் இறங்கினால் பெரியது ஓர் அங்குலம்தான் ஏறும். நம் ஊர் வட்டிக்கடைக்காரர்கள்கூட இத்தனை கறாராகக் கணக்கு எழுதுவதில்லை.

காகிதத்தில் எல்லாம் சரி. பட்டறையில் தண்டைச் சுற்றித் தண்ணீர் பீறிட்டது. இறுக்கி அடைத்தால் கசிவு நின்றது. ஆனால் அழுத்தத்தை எடுத்த பிறகும் தண்டு இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது!

அங்கே மேஸ்திரியாக இருந்தவர் ஹென்றி மாட்ஸ்லே. பன்னிரண்டு வயதில் ஊல்விச் ஆயுதசாலையில் தோட்டாவுக்கு மருந்து அடைத்தவர். பதினெட்டு வயதில் பிராமாவிடம் வந்து சேர்ந்தார். கிண்ணம் போல் விளிம்பு வைத்த ஒரு தோல் வளையத்தை அவர் தண்டைச் சுற்றிப் பொருத்தினார். பாயும் தண்ணீரே விளிம்பை விரித்துத் தண்டோடு ஒட்ட வைக்கும். அழுத்தம் ஏற ஏற இறுக்கமும் ஏறும். அழுத்தம் போனால் தோல் தானே தளர்ந்து கொடுக்கும். திருடனையே காவலுக்கு வைத்த சாமர்த்தியம்! பின்னாளில் மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்த ஜேம்ஸ் நாஸ்மித், இந்த யோசனை தம் எஜமானருடையதுதான் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

1797-இல் மாட்ஸ்லேக்கு வாரச் சம்பளம் 30 ஷில்லிங். மனைவி மக்கள் என்று குடும்பம் பெருகிவிட்டது. கொஞ்சம் கூட்டித் தரும்படி கேட்டார். ஒரு கையின் பலத்தை நூறாகப் பெருக்கத் தெரிந்த முதலாளிக்கு, சில ஷில்லிங்கைக் கூட்டத் தெரியவில்லை, முடியாது என்றுவிட்டார். மாட்ஸ்லே வெளியேறி, ஆக்ஸ்போர்டு தெருவை ஒட்டிச் சொந்தப் பட்டறை வைத்தார். போர்ட்ஸ்மத் கப்பல் தளத்துக்குக் கப்பிகள் செய்யும் யந்திரங்கள் அவர் கையில்தான் உருவாயின. நல்ல வேலைக்காரர் பலர் அவரிடம் தொழில் கற்றார்கள்.

பாடப் புத்தகங்களில் நாம் படித்ததென்னவோ 'பிராமா அழுத்தி'.

1814-இல் ஹாம்ப்ஷயர் காட்டில் அந்த யந்திரம் மரங்களை வேரோடு பிடுங்கிக் கொண்டிருந்தது. மேற்பார்வைக்குப் போன பிராமாவுக்குக் குளிர் கண்டது, டிசம்பரில் இறந்துபோனார். மரத்தைப் பிடுங்கிய அந்தத் தண்டைச் சுற்றியும் ஒரு தோல் வளையம் இருந்திருக்கும்.