போடியில் வாழைமர நோட்டு

போடிநாயக்கனூரில் நண்பர் வீட்டு டிரங்குப் பெட்டியில் 42 நோட்டுகள் இருந்தன. எல்லாமே பத்து டாலர், வாழைமரப் படம் போட்டது. ஏலமலைக்கு வேலைக்கு வருவதற்கு முன் அவர் தாத்தா மலாயாவில் ரப்பர் பால் வெட்டியவர்.

"லட்சத்துல போகுமாம்ல?" என்றார் நண்பர்.

போகாது. 1942இல் மலாயாவைப் பிடித்த ஜப்பான் ராணுவம் அச்சடித்த ஆக்கிரமிப்பு நோட்டு இது. மலாயாவுக்கு 'எம்', பர்மாவுக்கு 'பி' என்று எழுத்து தொடங்கும். ஆரம்பத்தில் வரிசை எண் இருந்தது. பிறகு எழுத்து மட்டும்தான். என் தொழில் பாஷையில் சொன்னால், பிரைமரி கீ இல்லாத டேபிள்: எத்தனை அடித்தாலும் கணக்கு கிடையாது. சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான். எண் உள்ளதற்கு மதிப்பு உண்டு. எண் இல்லாத பத்து டாலர், மடிப்பே இல்லாமல் இருந்தாலும் சில நூறு ரூபாய்தான். கசங்கியது என்றால் அதுவும் இல்லை. போலி மறுஅச்சுகள் வேறு நிறைய சுற்றுகின்றன.

42இல் ஒன்றில்கூட எண் இல்லை.

ஆனால் அந்த 420 டாலரை யோசித்துப் பாருங்கள். போருக்கு முன் தோட்டத்தில் ஆண்களுக்குத் தினக்கூலி 50 காசு வாக்கில். அந்தக் கணக்கில் இது இரண்டு வருஷத்துக்கும் மேலான சம்பளம். 1945இல் விலைவாசி ஏறிய ஏற்றத்தில் அரிசிக்கே காணாது. அந்த செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் இது செல்லாது என்றுவிட்டது. மாற்றிக் கொடுக்கவும் இல்லை. போருக்கு முந்தைய மலாயா நோட்டை ஒளித்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். கூலிக்காரரிடம் ஒளித்து வைக்க என்ன இருந்திருக்கும்?

செல்லாது என்று தெரிந்தும் தாத்தா அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறார். நண்பரின் அம்மா ஒன்றும் பேசவில்லை. கற்றையை வாங்கி, பழைய வேட்டித்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.