சாவியும் ஈட்டியும் போன வழி

கெடாவின் சுங்கைப் பட்டாணியில் ஃபாதர் பாரே கான்வென்ட், அலோர் ஸ்டாரில் செயின்ட் நிக்கலஸ் கான்வென்ட். இரண்டும் குழந்தை இயேசு சபைக் கன்னியரின் வழி வந்த பள்ளிகள். 1852இல் பினாங்கில் கரையிறங்கிய அதே சபைதான் சிங்கப்பூர் விக்டோரியா தெருவிலும் கான்வென்ட் நடத்தியது. அங்குள்ள சிற்றாலயம் 1904இல் அர்ச்சிக்கப்பட்டது. கெடாவிலிருந்து சிங்கப்பூர் வரை அப்போது ஒரே மறைமாவட்டம்தான், மலாக்கா. அந்தச் சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடிகள் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில், ஜூல் டோபெலாரே பட்டறையில் உருவாகிக் கடல் கடந்து வந்தவை.

இந்த வகை ஜன்னலை வரைகிறவர் சாயம் பூசி முடிப்பதில்லை. சிவப்பும் நீலமும் உருக்கும்போதே கண்ணாடிக்குள் கலந்தவை. துண்டு துண்டாக வெட்டி, முகமும் விரலும் ஆடை மடிப்பும் பழுப்புக் கலவையால் தீட்டிச் சூளையில் சுட்டு, ஈயப் பட்டைகளில் பொருத்திப் பற்றவைக்கிறார்கள். மஞ்சளுக்கு மட்டும் தனி வித்தை. வெள்ளி உப்பைப் பின்பக்கம் தடவிச் சுட்டால் பொன்னிறம் ஏறும். புனிதரின் வெள்ளை முகமும் தங்க ஒளிவட்டமும் ஒரே துண்டில், நடுவே ஈயக்கோடு இல்லாமல் அமைவது இதனால்தான். பதினான்காம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பிய பட்டறைகள் கைவிடாத நுட்பம் இது.

முகங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். ஆளை அடையாளம் காட்டுவது கையில் இருக்கும் பொருள். சாவி என்றால் இராயப்பர், வாள் என்றால் சின்னப்பர். தோமையாருக்கு ஐரோப்பியர் பல ஜன்னல்களில் தச்சனின் மூலைமட்டம் கொடுத்தார்கள். அரசனுக்கு அரண்மனை கட்டப் போன தச்சர் என்ற பழங்கதை அதற்குக் காரணம். அவர் ஈட்டியால் குத்துண்டு இறந்ததாகச் சொல்லப்படும் பரங்கிமலையை அறிந்த தமிழருக்கு அது ஒட்டாது. ஈட்டி பிடித்தால்தான் அவர் நம்ம தோமையார்.

பால்மரக் காட்டுக்கு நடுவே பலகைச் சுவரில் நின்ற தோட்டத்துச் சிற்றாலயங்களுக்கு இவ்வளவு செலவான கண்ணாடி எட்டவில்லை. அடையாளங்கள் மட்டும் வந்து சேர்ந்தன. லயத்து வீட்டுச் சுவரில் சட்டமிட்ட அச்சுப்படமாக, சுரூபமாக: அம்பு தைத்த செபஸ்தியார், லீலி மலரேந்திய சூசையப்பர், தராசு தூக்கிய மிக்கேல் சம்மனசு. எழுத்துக் கூட்டத் தெரியாத பால்வெட்டுக்காரரும் தூரத்திலிருந்தே பெயர் சொல்லிவிடுவார். புரூஜ் பட்டறைக்காரர் எதிர்பார்த்ததும் இப்படிப்பட்ட பார்வையாளரைத்தான் என்பது என் எண்ணம்.

சிங்கப்பூர்க் கான்வென்ட் 1983இல் வேறிடம் போனது. கட்டடம் 1996இல் சைம்ஸ் என்ற பெயரில் மீண்டும் திறந்தது. சிற்றாலயம் இப்போது கல்யாண மண்டபம். கெடா ஆட்கள் ஜூலை 26 திருநாளை ஒட்டி புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாளைத் தேடிப் போகிறார்கள். ஒரு காலத்தில் அந்த ஊரும் கெடாவோடு இருந்தது. அன்னம்மாளுக்கு மரபில் அடையாளம், மகள் மரியாளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் புத்தகம்.