காந்தளும் கலப்பைக் கிழங்கும்

சங்கப் புலவர் காந்தள் எனப் போற்றிய கொடியையே மருத்துவர் கலப்பைக் கிழங்கு என்பர். இருவரும் கண்டது ஒரு கொடியே. பெயரிட்ட நோக்கு வேறு. அவ்வேற்றுமையை ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் முதற்கண் நிற்பது செங்காந்தள். வேலன் வெறியாடும் துறைக்குத் தொல்காப்பியர் காந்தள் என்றே பெயர் தந்தார். குருதி நிறமும் மகளிர் விரலை ஒத்த இதழும் புலவரைக் கவர்ந்தன. மண்ணுள் மறைந்த கிழங்கு அவர்தம் நோக்கிற் பெரிதும் படவில்லை.

மருத்துவர் நோக்கோ கிழங்கின்மேற் சென்றது. கவைத்த கிழங்கு கலப்பை போறலின் கலப்பைக் கிழங்கு என்றனர். வடமொழியில் 'லாங்கலி' என்பதும் அப்பொருட்டே. கருவை வெளித்தள்ளுவது என்னும் பொருளில் 'கர்ப்பநுத்' என்பதும் அதன் வடமொழிப் பெயர். மகப்பேறு தாழ்க்குமிடத்துக் கிழங்கை அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்காலிலும் பூசுதல் பண்டை வழக்கம். தோல்நோய்க்கும் நச்சுக்கடிக்கும் மேற்பூச்சாக அதனைப் பயன்படுத்தினர். ஆயுர்வேத நூலார் இதனை உபவிடங்களுள் ஒன்றாக வைத்தமையின், நஞ்சென்பதும் உடனறிந்தே ஆண்டனர் என்பது பெறப்படும்.

குறுந்தொகை 361ஆம் பாட்டில், தலைவன் மலையினின்று நீர் கொணர்ந்த காந்தளைத் தலைவி முயங்கி, மனைக்கண் நடுகின்றாள்; அன்னையும் அதனைக் கடிந்திலள். இதனைக் காந்தளின் மருத்துவப் பயனுக்குச் சான்றாகக் காட்டல் எளிதெனத் தோன்றும். ஆயின் அது பொருந்தாது. ஆண்டுத் தலைவியின் நோய் தணிவது தலைவன் மலையினின்று வந்ததென்னும் உரிமையால். கிழங்கின் ஆற்றலால் அன்று. இலக்கியம் கூறாததனை அதன்மேல் ஏற்றிக் கூறுதல் ஆராய்ச்சிக்கு இழுக்காம்.

மற்றொரு சிக்கல் தோன்றி என்னும் பெயர்பற்றியது. நிகண்டுகள் தோன்றியைச் செங்காந்தள் என்கின்றன. குறிஞ்சிப்பாட்டோ இரண்டையும் தனித்தனியே எண்ணுகின்றது. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ் என்னும் இலத்தீன் நூல், இக்கொடியின் மலையாளப் பெயரை மேந்தோன்னி எனப் பதிவு செய்துள்ளது. கன்று என்பது மலையாளத்தில் கன்னு என நிற்றல்போலத் தோன்றி தோன்னியாதல் இயல்பே. எனவே, பிற்கால வழக்கில் இரண்டும் ஒன்றாயின எனக் கொள்ளலாம். கபிலர் காலத்தும் ஒன்றே எனத் துணிதற்கு இச்சான்று போதாது.

1915ஆம் ஆண்டு இக்கிழங்கில் கோல்ச்சிசின் என்னும் பொருள் உண்மை வேதியியலாரால் அறியப்பட்டது. உயிரணுப் பிரிவைத் தடுக்கும் இந்நஞ்சு, அளவறிந்து தரப்படின் கீல்வாத மருந்தாகும். வள்ளிக்கிழங்கென மயங்கி இதனை உண்டு மாண்டோர் இலங்கையில் உளர். பூவை நோக்கினும் கண் நோகும் எனக் கருதிய மக்கள் இதற்குக் கண்வலிப்பூ எனப் பெயரிட்டனர். அந்நம்பிக்கை மெய்யன்றாயினும், அணுகற்க என்னும் எச்சரிக்கை அப்பெயரில் உறைந்து நிற்கின்றது. ஒரு கொடியின் பல பெயர்களையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் சொல்லாராய்ச்சி மட்டுமன்று, உயிர்காக்கும் அறிவுமாம்.