மலைப்பாதைக்கு எந்த அளவு இன்டர்கூலர்? நுவரெலியா, ஹட்டன் வீதிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது. சூடான காற்று விரிந்து ஐதாகிவிடுவதால், அழுத்தியதன் பயனில் ஒரு பகுதி வீணாகிறது. பெற்றோல் எஞ்சினில் எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானே வெடித்தெரியும் 'நொக்' அடிக்கும் அபாயமும் கூடுகிறது. அந்தச் சூட்டை எஞ்சினுக்குள் போகுமுன் வெளியே இறக்கிவிடுவதே இன்டர்கூலரின் வேலை. எத்தனை குதிரைவலுவுக்கு எவ்வளவு பெரிய கூலர் என்று கடைகளில் சொல்லப்படும் கணக்குகள் சமதரையில், நல்ல வேகத்தில் ஓடும் காரை மனதில் கொண்டவை. அவிசாவளையில் தொடங்கி கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதிக்கு அவை பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கடல்மட்டத்தை ஒட்டிய இடத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம் வரை இந்த ஒரே வீதியில் ஏறிவிடுகிறோம்.

மலையகத்தில் பரவலாகக் கேட்கும் ஒரு கருத்து உண்டு: "இங்கேதான் குளிராச்சே, சின்ன கூலரே போதும்." இது தவறு என்பதே என் முடிவு. ஏன் தவறு என்பதைக் கணக்கோடு காட்டுகிறேன்.

2. உயரம் செய்யும் வேலை

டர்போவும் மலையும் பழைய கூட்டாளிகள். 1918இல் சான்ஃபோர்ட் மோஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு ஏற்றிச்சென்று சோதித்தார். கீழே 350 குதிரைவலு தந்த எஞ்சின் அங்கே 230 மட்டுமே தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356 கிடைத்தது. உயரம் பறித்ததை டர்போ மீட்டுக்கொடுத்தது. ஆனால் டர்போ அதை இலவசமாகச் செய்வதில்லை.

நுவரெலியாவில் காற்றழுத்தம் ஏறத்தாழ 81 கிலோபாஸ்கல், கொழும்பில் 101. புதிய கார்களின் கணினி எஞ்சினுக்குள் போகும் முழு அழுத்தத்தைப் பார்த்தே டர்போவைக் கட்டுப்படுத்துகிறது. அது 200 கிலோபாஸ்கல் வேண்டும் என்று கேட்டால், கொழும்பில் டர்போ காற்றை இரு மடங்காக அழுத்தினால் போதும். நுவரெலியாவில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும். டர்போவின் திறன் 70 சதவீதம் என்று கொண்டால், கொழும்பின் 30 பாகைக் காற்று சுமார் 123 பாகையாக வெளியேறும். நுவரெலியாவின் 16 பாகைக் காற்றோ 138 பாகையாக வெளியேறும். குளிர் ஊரில்தான் கூலரின் வாசலுக்குச் சூடு கூடுதலாக வருகிறது.

கூலர் இரு இடத்திலும் ஒரே திறனோடு, அதாவது வெளிக்காற்றைவிடக் கூடுதலான சூட்டில் 70 சதவீதத்தை இறக்கி, வேலை செய்தால், கொழும்பில் 58 பாகையிலும் நுவரெலியாவில் 53 பாகையிலும் காற்று எஞ்சினுக்குள் போகும். வெளியே 14 பாகை குளிராக இருந்தும் உள்ளே கிடைத்த இலாபம் 5 பாகைதான். முடக்குகளில் வேகம் குறைந்து கூலரின் திறன் 60 சதவீதமாக இறங்கினால், அந்த 53 பாகை 65 ஆகிவிடும். இந்த 12 பாகை ஏற்றம் எஞ்சினுக்குள் போகும் காற்றில் ஏறத்தாழ 4 சதவீதத்தைக் குறைத்துவிடும். நொக் வராமல் காக்க, கணினி பற்றவைப்பைப் பின்தள்ளுவதால் வரும் இழப்பு வேறு.

பழைய வண்டிகளில் வெறும் ஸ்பிரிங்கும் டயஃப்ரமும் கொண்ட அமைப்பு, வெளிக்காற்றுக்கு மேல் இவ்வளவு என்றே அழுத்தத்தைப் பார்க்கும். அவற்றில் மலையேறும்போது வலுவும் குறையும், சூடும் அவ்வளவாகக் கூடாது. மேலே சொன்னது அவற்றுக்கு முழுமையாகப் பொருந்தாது.

3. முகப்பரப்பும் தடிப்பும்

கூலரின் அளவு என்றதும் பெரும்பாலோர் தடிப்பைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது முகப்பரப்பு, அதாவது எதிர்க்காற்று வந்து மோதும் பரப்பு.

சந்தையில் எளிதாகக் கிடைக்கும் 600 மி.மீ. அகலம், 300 மி.மீ. உயரம் கொண்ட கூலரை எடுத்துக்கொள்வோம். மோதும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு ஊடுருவுகிறது என்று கொண்டால், கொழும்புப் பக்கம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 1.2 கிலோ காற்று அதனூடே போகும். நானுஓயாவுக்கு மேலே, காற்று ஐதாக இருக்க, 30 கி.மீ. வேகத்தில் அரைக் கிலோதான் போகும். ஏறத்தாழ 265 குதிரைவலு தரும் எஞ்சின் முழு வலுவில் நொடிக்கு 0.2 கிலோ காற்றை இழுக்கும். அதைக் குளிர்விக்கக் கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்பம் கொழும்பில் 13 கிலோவாட், மேலே 17. வெப்பம் கூடுகிறது, அதை ஏந்திச்செல்லும் காற்று பாதிக்கும் கீழே போகிறது.

அந்த 17 கிலோவாட் வெப்பமும் அரைக் கிலோ காற்றில் ஏறினால், 16 பாகையில் நுழைந்த வெளிக்காற்று கூலரைக் கடக்கையில் 50 பாகையைத் தொடும். அதற்குப் பின்னால் நிற்பது ஏசி கொண்டென்சரும் ரேடியேட்டரும். கினிகத்தேனை ஏற்றத்தில் பொனட்டைத் திறந்துவைத்து ஓரங்கட்டிய வண்டிகளை வழியில் போகும் எவரும் பார்த்திருப்பார்கள். பெரிய கூலர் போட்ட காரில் சூட்டுமானி ஏறினால் தேர்மோஸ்டாட்டை மாற்றிப் பயனில்லை; ரேடியேட்டருக்குச் சூடான காற்றைக் கொடுத்துக்கொண்டிருப்பது கூலர்தான்.

தடிப்பு இந்தத் தொல்லையைக் கூட்டுகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டப் போடும்போது, அளவுக்கு மிஞ்சித் தடிப்பாகப் பரப்பினால் அடியிலிருந்து ஊதும் காற்று மேலே வராது. மேற்கொழுந்து வாடாமலே கிடக்கும். கூலரும் அப்படித்தான். 100 மி.மீ. தடிப்பில் பின்பாதிக்குப் போய்ச்சேரும் காற்று ஏற்கெனவே சூடேறியது. மெதுவாகப் போகும் காரில் அது போய்ச்சேருவதே கடினம். 150 முதல் 250 குதிரைவலு வரையான காருக்கு, மலைப்பாதைக்கென்றால், பம்பர் திறப்பு இடந்தரும் அளவுக்கு அகலமும் உயரமும் எடுத்துக்கொண்டு, தடிப்பை 50 முதல் 65 மி.மீ.க்குள் நிறுத்துவதே நல்லது என்பேன். கூலரின் ஓரங்களைச் சுற்றிக் காற்று நழுவிப் போகாமல் தகடு அடித்து அடைப்பது, கூலரை ஓர் அளவு பெரிதாக்குவதைவிடப் பல வேளைகளில் கூடுதல் பலன் தரும். செலவும் குறைவு.

4. பந்தயம் வேறு, பயணம் வேறு

1934இல் தொடங்கிய மகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் இந்த ஆய்வுக்கு நேரான களம். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவின் தேயிலைத் தோட்டப் பாதையில் ஒவ்வொரு காராக ஏறும். ஓட்டம் ஓரிரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இங்கே கணக்கு தலைகீழாகிறது.

ஓட்டம் இவ்வளவு குறுகியதானால், கூலரின் அலுமினிய எடையே வெப்பத்தை வாங்கிவைக்கும் பாத்திரமாகிறது. வெளிக்காற்றே படாத நிலையை எண்ணிப் பார்த்தால், 17 கிலோவாட் வெப்பம் 4 கிலோ கூலரை நொடிக்கு ஏறத்தாழ 5 பாகை வீதம் சூடாக்கத் தொடங்கும்; 8 கிலோ கூலரை அதில் பாதி வீதத்தில். இரு முடக்குகளுக்கிடையே ஆறு நொடி முழு வலுவில் ஓட்டினால், கனத்த கூலர் தெளிவாக முந்திக்கொள்ளும். அடுத்த முடக்கில் அது ஆறுவதற்குள் ஓட்டமும் முடிந்துவிடும். அதே கூலரைப் பூட்டிக்கொண்டு ஹட்டனிலிருந்து நுவரெலியா போனால், அந்த எடை சூட்டைச் சிறிது நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஒருமுறை சூடேறிய கனத்த கூலர் ஆறவும் நேரமெடுக்கும்.

கூலரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 1992இல் வெளிவந்த இரு ஜப்பானிய கார்களில் இதைப் பார்க்கலாம். மிட்சுபிஷி லான்சர் எவலூஷனில் கூலர் முன்பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. சுபாரு இம்பிரேசா டபிள்யூஆர்எக்ஸில் அது எஞ்சினுக்கு மேல் கிடக்கிறது. பொனட்டிலுள்ள வாய் வழியே காற்று இறங்கும். மேலே கிடக்கும் கூலருக்குக் குழாய் குட்டையாக இருக்கும், டர்போ சட்டென்று பதில்தரும். ஆனால் தொடக்கக் கோட்டில் காத்து நிற்கும்போது எஞ்சினின் சூடு முழுவதும் அதில்தான் ஏறும். கூலருக்கு நீர் தெளிக்கும் அமைப்பை இரு கார்களின் பல பதிப்புகளும் கொண்டிருந்தன. மூடுபனி இறங்கிய நுவரெலியா மாலையில் அந்த நீர் ஆவியாவது குறைவு. உலர்ந்த பகலில் கிடைக்கும் பலனை அப்போது எதிர்பார்க்கலாகாது.

பெரிய கூலர் போட்டால் டர்போ தாமதிக்கும் என்ற பேச்சு கொஞ்சம் மிகையானது. இரண்டு லீற்றர் எஞ்சின் 3,000 சுற்றில் நொடிக்குச் சுமார் 50 லீற்றரை விழுங்கும். கூடுதலாகச் சேர்ந்த பத்து லீற்றர் இடத்தை நிரப்ப நொடியின் சிறு பங்கே போதும். பந்தய ஓட்டுநருக்கு அது தெரியும். குடும்பக் காரை ஓட்டுபவருக்குத் தெரியாது.

5. அழுத்த இழப்பு

கூலர் சிறிதானாலும், உள்வழி நெருக்கமானாலும், காற்று அதைக் கடக்க அழுத்தத்தை இழக்கும். 10 கிலோபாஸ்கல் இழப்பை ஈடுசெய்ய டர்போ 210க்கு அழுத்த வேண்டும். நுவரெலியாவில் வெளியேறும் காற்று மேலும் 7 பாகை சூடேறும், டர்போவும் தன் வேக எல்லையை நெருங்கும். கடல்மட்டத்தில் தாங்கக்கூடிய இழப்பு இங்கே டர்போவின் ஆயுளைத் தின்னும். ஆகவே உயர்ந்த ஊரில் ஓடும் காருக்கு 10 கிலோபாஸ்கலை மேல் எல்லையாகக் கொள்ள வேண்டும்.

6. தேர்வு செய்யும் முறை

டொயோட்டா ரைஸ் போன்ற ஒரு லீற்றர் டர்போ காரை மாற்றமின்றி ஓட்டுபவருக்குத் தொழிற்சாலைக் கூலரே போதும். தகடுகளுக்கிடையே அடைத்த மண்ணையும் பூச்சியையும் மெதுவான நீரால் கழுவினாலே இழந்த திறன் திரும்பும். பூஸ்டை, அதாவது டர்போவின் அழுத்தத்தை, கூட்டியவர்கள்தாம் அளவை யோசிக்க வேண்டியவர்கள். அவர்கள் வாங்குமுன் அளந்து பார்க்கட்டும். கணினியின் சோதனைத் துளையில் ஸ்கேனரைப் பூட்டி, கினிகத்தேனை ஏற்றத்தில் எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தைப் பார்க்கலாம். வெளிவெப்பத்தைவிட 30 பாகைக்கு மேல் ஏறி, நேர்வீதியில் வேகம் எடுத்ததும் இறங்கினால், கூலருக்குக் காற்று போதவில்லை. தகடடைப்பும் முகப்பரப்பும்தான் மருந்து. வேகம் எடுத்தும் இறங்காவிட்டால் கூலர் உண்மையிலேயே சிறியது.

கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கூலர் வாங்குபவர் அளவுக்கு முன்னால் நிலையைப் பார்க்க வேண்டும். கூலரின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைக்கும்போது எண்ணெய் கட்டியாக வந்தால், அது வந்த வண்டியின் டர்போ போயிருக்கலாம். உள்ளே உலோகத் துகளும் இருக்கலாம். ஒரு வாயை அடைத்து, மறுவாயில் காற்றேற்றித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கலாம். கசிவு இருந்தால், கூலரின் முனைமூடியும் தகடுகள் கொண்ட நடுப்பகுதியும் சேரும் ஒட்டில்தான் பெரும்பாலும் முதலில் குமிழி எழும். அங்கே குமிழி எழுந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.