வைகைக் கரை வழியும் பாட்டின் நினைவும்

மூவர் தேவாரத்தினை ஓதுவார் இருவகை முறையால் ஓதுவர். ஒன்று பண்முறை, மற்றொன்று தலமுறை. யாம் இளமையில் மடத்துப் பாடசாலையிற் பயின்ற காலத்து, நட்டபாடை முதலாகப் பண் வரிசையே எமக்கு முதற்கண் கற்பிக்கப்பட்டது. பண்முறையில் ஓதுங்கால் காழிப் பதிகத்தை அடுத்துப் பாண்டி நாட்டுப் பதிகம் வரும். அதனை அடுத்து நடுநாட்டுப் பதிகம் வரும். பாடியவர் எவ்வழி நடந்தார், எவ்வூரில் இரவு தங்கினார், எவ்வாற்றைக் கடந்தார் என்பனவெல்லாம் அவ்வரிசையிற் காணப்படா. தலமுறையாக ஓதுங்கால் மட்டுமே பாட்டின் பின்னே ஒரு செலவு உண்டென்பது மனத்திற்குப் புலனாகும்.

இவ்விரு முறைகளும் தோன்றிய வரலாறு சிந்திக்கத்தக்கது. தில்லையிற் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை இராசராச மன்னரும் நம்பியாண்டார் நம்பிகளும் கண்டெடுத்தனர் என்பதும், மறைந்துபோன பண்களைத் திருவெருக்கத்தம்புலியூரிலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவர் வாயிலாகப் பெற்றனர் என்பதும் திருமுறைகண்ட புராணம் கூறுவன. அக்காலத்து இழந்ததாகக் கருதப்பட்டது இசையே ஆதலின், மீட்டதும் இசையின்வழித் தொகுத்ததே ஆயிற்று. வழிச்செலவின் நினைவோ தலந்தோறும் வழங்கிய செவிவழிச் செய்தியாய்ச் சிதறிக் கிடந்தது. 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாங் குலோத்துங்கன் ஆட்சியில், சேக்கிழார் பெருமான் அச்செய்திகளையும் பதிகங்களின் அகச்சான்றுகளையும் ஒருங்கு வைத்து நோக்கி, எப்பதிகம் எச்செலவில் எவ்விடத்தே எக்காரணம் பற்றி எழுந்தது என்று கோவைப்படுத்தி அருளினார். பெரியபுராணத்தை அடியார் சரிதம் என்பர். அது பாட்டிற்கு வழியை மீட்டுத் தந்த நூலும் ஆம் என்பது எமது துணிபு.

செலவின் நினைவைப் பாட்டுத் தானே சுமந்து நிற்கும் இடங்களும் உள. திருநாவுக்கரசு நாயனார் கயிலை காணப் புறப்பட்டுக் காலும் மார்பும் தேய்ந்து, வடபால் ஒரு வாவியில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். அங்கே அவர் பாடிய பதிகத்தில் திருப்பாட்டுத்தோறும் துணையொடு வரும் களிறு முதலிய உயிரினங்களைக் கண்ட காட்சி வருகின்றது; அடிச்சுவடு சிறிதும் படாமல் ஐயாறு அடைந்தமையையும் அவரே குறிக்கின்றார். எத்துணை நெடுஞ் செலவு! அதற்குச் சுவடு இல்லை, பாட்டே சுவடு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் சேரமான் பெருமாளிடம் பெற்ற பொருளொடு மீளும் வழியில் திருமுருகன்பூண்டியருகே வேடுவர் உருக்கொண்ட பூதங்களாற் பறிகொடுத்தார். வழிப்பறியின் நினைவு பதிகமாயிற்று. திருவிடைவாய்ப் பதிகமோ ஏட்டுச்சுவடிகளில் அகப்படாது, அத்தலத்துக் கல்வெட்டிலேயே கிடைத்தது. பாட்டைத் தலம் காத்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நிற்க. தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் அடங்கிய எம் பகுதியை இக்கண்கொண்டு நோக்குவாம். மேற்கே மலையரண், கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும், இடையே சுருளியாறு பாயும் வயல்நிலம். 1895-ஆம் ஆண்டு பெரியாற்று அணை நிறைவுற்றதன்பின் மேற்கு நோக்கி ஓடிய நீரும் மலையைக் குடைந்த வழியாற் புகுந்து இவ்வாற்றோடு கூடி வைகைக்கு வருகின்றது. இத்துணை வளமுடைய நாட்டில் மூவர் பாடல் பெற்ற தலம் ஒன்றேனும் இல்லை. பாண்டி நாட்டுத் தலங்கள் 14. அவற்றுள் வைகைக் கரையில் மதுரைக்கு மேல்பால் உள்ளது திருவேடகம் ஒன்றே.

திருவேடகத்து வரலாறு சைவர் அனைவரும் அறிந்ததேனும், எமது பொருளுக்கு மிக இயைந்ததாகலின் சிறிது விரித்தல் வேண்டும். மதுரையிற் புனல்வாதத்தில் ஆளுடைய பிள்ளையார் திருப்பாசுரம் எழுதிய ஏட்டினை வைகையில் இட்டார். அவ்வேடு நீரோட்டத்தை எதிர்த்து மேற்கு நோக்கிச் சென்றது. குலச்சிறை நாயனார் அதனைத் தொடர்ந்து கரைவழியே குதிரைமீது விரைந்தனர். பிள்ளையார் ஏடு நிற்கும்பொருட்டு மற்றொரு பதிகம் பாட, அது மதுரைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் நின்றது. நின்ற இடம் ஏடகம். அப்பதிகத்தின் திருக்கடைக்காப்பிலும் ஏடு சென்றணைந்த செய்தி குறிக்கப்பெற்றுள்ளது. பிற தலங்களில் மனிதர் நடந்தனர். பாட்டு உடன் சென்றது. இங்கோ பாட்டே நடந்தது, மனிதர் பின்சென்றனர். ஆவணித் திங்களில் ஏடு எதிரேறிய விழா அங்கு நிகழ்கின்றது. ஏடு நில்லாது இன்னும் சில காதம் மேலேறியிருப்பின் எம் பள்ளத்தாக்கும் பாடல் பெற்றிருக்குமன்றோ என்று எம்மூர் முதியோர் நகையாகக் கூறுவதுண்டு. நகையாயினும் அதனுள் ஓர் உண்மை உளது. செல்லும் வழி முழுவதற்கும் பாட்டுக் கிடைப்பதில்லை. செலவு நின்ற இடத்திற்கே கிடைக்கின்றது.

ஊர்ப்பற்று இதனோடு அமைவதில்லை. தம் ஊர்க்கோயிலுக்கும் பதிகம் உண்டு எனக் காட்ட விழைவார், அடியார் செலவை வளைத்துத் தம் ஊர்வழியே திருப்ப முயல்வர். எம் பகுதிக்கு இதற்கு வாய்ப்பும் மிகுதி. சேரநாட்டிற்கும் பாண்டி நாட்டிற்கும் இடையே குமுளிக் கணவாய் வழி கிடக்கின்றது. சுந்தரமூர்த்தி சுவாமிகளும் சேரமான் பெருமாளும் மதுரைக்கு வந்தவரே. சுவாமிகள் கொடுங்கோளூருக்குச் சென்றவரே. ஆகவே இப்பள்ளத்தாக்கின் வழியே சென்றனர் என்றால் என்னை எனின், அது பொருந்தாது. இருவரும் பாண்டி நாட்டுத் தலங்களை வழிபட்டபின் சோழநாட்டிற்கு மீண்டு, திருவையாற்றில் காவிரி வெள்ளம் விலக வழிபட்டு, கொங்கு நாட்டின் வழியே மலைநாடு புகுந்தனர் என்று சேக்கிழார் தெளிவாக உரைத்துள்ளார். ஆளுடைய பிள்ளையார் மதுரையினின்றும் குற்றாலம், நெல்வேலி முதலிய தென்றலங்களுக்குச் சென்ற செலவிலும் எம் பகுதி ஊர் எதுவும் கூறப்பட்டிலது. கூறாததைக் கூறியதாகக் கொள்ளின் ஒருகாற் கூறியதையும் பிறர் ஐயுறுவர். மெய்யாகவே பதிகம் பெற்ற தலங்களின் சான்று நமது ஆர்வத்தால் மெலிவுறல் ஆகாது.

உண்மையாக உள்ள பெருமையே எம் பகுதிக்குப் போதியது. சின்னமனூர் பழங்காலத்தில் அளநாட்டு அரிகேசரிநல்லூர் என வழங்கிற்று. அரிகேசரி என்பது நின்றசீர் நெடுமாற நாயனார்க்கு வரலாற்றாசிரியர் பலரும் கூறும் பட்டப்பெயர். பாண்டியன் இராசசிம்மனது பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, பாண்டியர் முன்னோர் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையிற் சங்கம் நிறுவியதையும் கூறுவது. தமிழ்ச் சங்கத்திற்குச் செப்பேட்டுச் சான்று தந்த ஊர், தனக்கு இல்லாத பதிகத்தைக் கடன்கொள்ள வேண்டுவதில்லை.

இனி, உத்தமபாளையத்திற்கு வருவாம். அங்கே ஆற்றங்கரையிற் காளாத்தீசுவரர் ஞானாம்பிகையோடு எழுந்தருளியுள்ளார். அக்கோயிலைத் தென்காளத்தி என்பர். நாயக்கர் காலத்தே தெலுங்கு நாட்டினின்றும் குடிபெயர்ந்து வந்தோர் இப்பள்ளத்தாக்கிற் பலர். வடக்கே தாம் விட்டுவந்த தலத்தின் நினைவை அவரைப் போல்வார் தம்முடன் கொணர்ந்தனராதல் கூடும். பிறந்த நாட்டிற்கு மீளும் வழி நெடிது. சுமையோடும் சுற்றத்தோடும் வந்தவர் மறுமுறை காளத்தி காணல் அரிது. அந்நிலையில் ஊரின் பெயரையும் இறைவன் பெயரையும் தம் புதிய வாழ்க்கையில் நட்டுக்கொள்ளுதல் மனித இயல்பே.

ஈண்டு ஒரு வினா எழும். திருக்காளத்திக்குரிய பதிகத்தைத் தென்காளத்தியில் ஓதுதல் முறையோ? தலத்திற்குரிய பதிகத்தை அத்தலத்திலேயே ஓதுதல் வேண்டும் என்று வற்புறுத்தும் ஆசிரியரை யாம் அறிவோம். அவர்தம் நெறிப்பற்றினை மதிக்கின்றோம். எனினும் விடை திருக்காளத்தியிலேயே உளது. ஆளுடைய பிள்ளையார் காளத்தியை அடைந்து கண்ணப்ப நாயனாரை வணங்கியபின், வடபாற் செல்லாது, அங்கிருந்தபடியே வடகயிலையையும், திருக்கேதாரத்தையும், கோகரணத்தையும், இந்திரநீலப் பருப்பதத்தையும் பாடினார் எனச் சேக்கிழார் அருளுகின்றார். கால் செல்லாத இடத்திற்குப் பாட்டுச் சென்றது. நிகழ்ந்த செலவின் நினைவாகப் பாட்டு நிற்பது ஒருவகை. நிகழாத செலவிற்கு ஈடாகப் பாட்டு நிற்பது மற்றொருவகை. பின்னதற்குப் பிள்ளையார் திருவாக்கே பிரமாணமாகலின், உத்தமபாளையத்தில் நின்று காளத்திப் பதிகம் ஓதுவோர் பிழை செய்தாரல்லர். ஆனால் இப்பதிகம் இவ்வூர்க்கே பாடப்பெற்றது என்று சொல்லுவாராயின் பிழை செய்தாராவர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு நூலிழை அளவினதாகத் தோன்றும்; வரலாறு அந்நூலிழையிற்றான் தொங்குகின்றது.

பாட்டு வெளியினின்று இங்கு வந்தது போல, இங்கிருந்து வெளிச்சென்றதும் உண்டு. உத்தமபாளையத்தை அடுத்த பண்ணைப்புரத்திற் பிறந்த இளையராஜா, 2005-ஆம் ஆண்டு திருவாசகத்திற் சில பகுதிகளை மேனாட்டு இசைக்குழு முறையில் அமைத்து, அங்கேரி நாட்டுப் புடாபெசுட்டு இசைக்குழுவினரைக் கொண்டு இசைப்பித்தார். ஓதுவார் மரபிற் பயின்ற செவிக்கு அது முதலில் அயலாகப்பட்டது, எமக்கும் அவ்வாறே. ஆயினும் வைகைக் கரையில் வாதவூரடிகள் தொடங்கிய செலவு தன்யூபு ஆற்றங்கரை வரை நீண்டது என எண்ணுங்கால் உள்ளம் உவவாதிராது.

எம் பகுதிக்கென்றே உரிய வழிச்செலவுப் பாட்டு யாது எனின், அது திருமுறைக்கும் முற்பட்டது; சிலப்பதிகாரத்தது. கணவனை இழந்த கண்ணகி மதுரையின் மேற்கு வாயிலாற் புறப்பட்டு, இரவென்றும் பகலென்றும் பாராது, வைகையின் ஒரு கரையைப் பற்றி மேற்கு நோக்கி நடந்தாள். பள்ளமும் மேடும் அவட்குத் தோன்றவில்லை. நெடுவேள் குன்றம் ஏறி வேங்கை நிழலில் நின்றாள். 14-ஆம் நாள் கோவலனொடு வானவூர்தியிற் சென்றாள். நடந்தவள் ஒரு பாட்டும் பாடவில்லை. பாடினோர் அவளைக் கண்ட குன்றவாணர், குரவையாடிப் பாடினர். வஞ்சிக் காண்டம் அக்குன்றக்குரவையினின்றே தொடங்குகின்றது. அக்குன்றவரே சேரன் செங்குட்டுவனுக்கும் செய்தி உரைத்தனர். நடந்தோர் மறைந்தபின், நடந்ததைக் கண்டோர் வாயில் வழியின் நினைவு பாட்டாயிற்று. திருவேடகத்தில் ஏடு நிற்கப் பாட்டெழுந்தது போல், இங்கும் கால் நின்ற இடத்தே குரவை எழுந்தமை நோக்குக.

நெடுவேள் குன்றம் யாது என்பதில் அறிஞர்க்குள் வேற்றுமை உண்டு. திருச்செங்கோடு என்பாரும் உளர். 1963-ஆம் ஆண்டு கரந்தைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார், இளங்கோவடிகள் வாக்கினையே வழிகாட்டியாகக் கொண்டு நடந்து ஆராய்ந்து, கூடலூர்க்கு மேலே தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் எல்லையாகிய மலைமுடியிற் பாழ்பட்டு நிற்கும் மங்கலதேவி கோட்டமே கண்ணகி கோட்டம் என நிறுவினார். ஒரு நூலின் அடிகளைக் கையிற் கொண்டு, அவற்றிற்கு உரிய நிலத்தைக் காலால் தேடுதல் உரையாசிரியர் மரபில் அரிதாக நிகழ்ந்த ஒன்று. ஏட்டுக்கு ஏடு ஒத்துநோக்கிப் பாடபேதம் காண்பதோடு அமைந்தவர் எம்மனோர்; அவரோ நிலத்தோடு ஏட்டை ஒத்துநோக்கினார். இன்று ஆண்டுதோறும் சித்திரை முழுமதி நாளில் மட்டும் அக்கோட்டத்திற்கு மக்கள் செல்ல இரு மாநில அரசுகளும் இசைவு தருகின்றன. குமுளியினின்று வண்டிவழி உண்டு. கூடலூரை அடுத்த பளியன்குடியினின்று காட்டுவழியே கால்நடையாக ஏறுவோரும் பலர்.

அவர் முடிபினை யாம் பெரிதும் ஏற்கின்றோம். எனினும் ஒன்று ஆராயக் கிடக்கின்றது. அடிகள் ஒரு கரை என்றாரேயன்றி வடகரை என்றாவது தென்கரை என்றாவது கூறிற்றிலர். மதுரையினின்று தென்கரையையே விடாது பற்றி மேலேறுவோரை அது மூலவைகையோடு வருசநாட்டுப் பக்கம் ஈர்த்துச் செல்லும். சுருளியாற்றின் வழிப் புகவேண்டின் அவர் மூலவைகையைக் கடத்தல் வேண்டும். வடகரை பற்றியவர்க்கு அவ்விடர் இல்லை. ஆனால் வடபாலிருந்து வந்து கலக்கும் சிற்றாறுகளைக் கடத்தல் வேண்டும். 1959-ஆம் ஆண்டு வைகை அணை எழுந்தபின் பழங்கரையில் ஒரு பகுதி நீருள் அமிழ்ந்துவிட்டமையின், இன்று நடந்து அளந்து காண்போர் அந்நீர்ப்பரப்பைச் சுற்றிச் செல்லும் தொலைவைக் கழித்தே 14 நாட் கணக்கினை ஒப்பிடல் வேண்டும். இளைய புலவர் எவரேனும் ஒரு முன்பனிக் காலத்தில், ஆற்றில் நீர் குறைந்திருக்கும்போது, இரு கரையும் தனித்தனி நடந்து, ஒவ்வொரு நாளும் தங்கிய ஊரைக் குறித்து எழுதி இப்பத்திரிகைக்கு விடுப்பராயின், கரை இன்னதென்பது தெளிவாதல் கூடும்.