பித்தளைக்குழல் வில்லையும் மூடுபொறியும்

இலங்கை வரலாறு பயிலும் மாணவர் யாவரும் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களை அறிவர். 1833ஆம் ஆண்டில் இந்நாட்டின் நீதிமுறையைச் சீரமைப்பதற்கு வழிவகுத்த சாள்ஸ் ஹே கமரனின் பெயர் நம் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. ஆனால் அவர்தம் மனைவியார் ஜூலியா மார்கரெட் கமரன் ஒளிப்படக் கலையின் வரலாற்றில் கணவரினும் பெரும்புகழ் எய்தியவர் என்பதை அறிந்தோர் நம்முட் சிலரே. இங்கிலாந்தில் தம் கலைப்பணியின் பெரும்பகுதியை நிறைவுசெய்த அவ்வம்மையார், 1875இல் கணவருடன் இலங்கை வந்து, களுத்துறையில் குடியானவரையும், 1877இல் தம் இல்லத்துக்கு விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நோர்த்தையும் படம்பிடித்தார். 1879 ஜனவரியில் மறைந்த அவரது உடல் பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளது.

அவர் கையாண்ட கமராவில் இன்று நாம் ‘சட்டர்’ என வழங்கும் மூடுபொறி இருந்ததில்லை. பித்தளைக் குழலொன்றினுள் கண்ணாடி வில்லைகள் பொருத்தப்பட்டிருக்கும்; முகப்பிலே ஒரு மூடி. மூடியைக் கையாற் கழற்றினால் ஒளி புகும். மீண்டும் மாட்டினால் ஒளி நிற்கும். 1866 முதல் அவர் பயன்படுத்திய பெரிய கமரா 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட கண்ணாடித் தகட்டை ஏற்பது. அதன் டால்மேயர் வில்லை 30 அங்குலக் குவியத்தூரம் உடையது. ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் முதல் ஏழு நிமிடம்வரை ஒளி படவேண்டியிருந்தது. அத்துணை நேரம் எண்ணுதற்கு மனிதனின் கையே போதும்; பொறி எதற்கு?

மூடுபொறி ஏன் பிந்தி வந்தது என்னும் வினாவுக்கு விடை வில்லையில் இல்லை, தகட்டிலேயே உள்ளது. 1840இல் பெட்சுவால் கணித்தமைத்த உருவப்பட வில்லை, ஒளியை மிகுதியாக உட்கொள்ளும் ஆற்றலுடையது. 1851இல் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையோ மந்தமானது. தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படம்பிடித்து, உடனே இருட்டறையிற் கழுவுதல் வேண்டும். வெப்பநாடுகளில் அத்தகடு விரைந்து உலர்ந்துவிடும். அக்காலத்து முறைகளைக் கொண்டே லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளிக் கோயில்களையும், ஜோசப் லோற்றன் 1870–71இல் அனுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளையும் படமாக்கினர் என எண்ணும்போது வியப்பே மேலிடுகின்றது. கற்றூண் அசைவதில்லை, ஆகவே மூடி போதுமாயிற்று.

1871இல் மடொக்ஸ் என்னும் மருத்துவர் ஜெலற்றின் உலர்தகட்டுக்கு வழிகாட்டினார். பின்வந்தோர் அதனைத் திருத்தி விரைவாக்கினர். நிமிடங்கள் நொடிகளாயின, நொடிகள் நொடியின் சிறுபகுதிகளாயின. இருபத்தைந்தில் ஒரு பங்கு நொடியை எந்தக் கையாலும் அளந்து மூடித் திறத்தல் இயலாது. அன்றுதான் மூடுபொறி இன்றியமையாததாயிற்று. ஆனால் ஒளிப்படக்காரரிடம் இருந்த விலையுயர்ந்த வில்லைகளோ மூடுபொறியற்ற குழல்வில்லைகள். பழைய கண்ணுக்குப் புதிய இமை தேடும் முயற்சி இவ்வாறே தொடங்கியது.

அம்முயற்சி மூன்று வழிகளிற் சென்றது. முதலாவது, வில்லைக்கு முன்னே மாட்டுவது. இங்கிலாந்தின் தோர்ண்ரன்–பிக்காட் நிறுவனத்தார் செய்த திரைச்சுருள் மூடுபொறி இவ்வகையினது. மரப்பெட்டியொன்றுள், நடுவே துளையுள்ள இறப்பர் பூசிய துணி சுருளிலிருந்து சுருளுக்கு வில்விசையால் ஓடும். நூலை இழுத்து விசையேற்றி, காற்றுக்குமிழை அமுக்கினால், பதினைந்தில் ஒரு பங்கு முதல் தொண்ணூற்றில் ஒரு பங்குவரையான நொடிக்கு ஒளி புகும். வில்லையைச் சிறிதும் சிதைக்காமை இதன் சிறப்பு; வெப்பத்தில் இறப்பர்த் துணி வெடித்து ஒளி கசிவது இதன் குறை.

இரண்டாவது, வில்லைக்குப் பின்னே, கமராவின் உட்புறத்தில் வைப்பது. அமெரிக்க நாட்டுப் பக்காட் மூடுபொறி காற்றுக்குமிழால் இயங்கி, படநிலையங்களிற் பெரிதும் பயன்பட்டது. மூன்றாவது, வில்லைத் தொகுதிகளைக் குழலினின்று கழற்றி, முன்தொகுதியை மூடுபொறியின் முன்னும் பின்தொகுதியை அதன் பின்னும் புரியிட்டுப் பொருத்துவது. 1912இல் மியூனிக் நகர டெக்கல் நிறுவனத்தார் வெளியிட்ட ‘கொம்பூர்’ இம்முறைக்கு உறுதுணையாயிற்று. அவர்களுடைய முந்திய ‘கொம்பவுண்ட்’ காற்றுருளையால் நேரத்தை அளந்தது. கொம்பூரோ கடிகாரம்போற் பற்சக்கரங்களால் அளந்தது. ‘ஊர்’ என்னும் ஜேர்மன் சொல் கடிகாரத்தைக் குறிப்பதாம்.

மூன்றாம் வழியே செம்மையானது. அதுவே இடர் மிக்கதும் ஆகும். இரு தொகுதிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை வில்லை வகுத்தோர் கணித்தே அமைத்தனர். அத்தூரம் சிறிது பிறழினும் படத்தின் ஓரங்கள் மங்கும். மூடுபொறியின் வாயளவையும் நோக்குதல் வேண்டும். 300 மில்லிமீற்றர்க் குவியத்தூரமுள்ள வில்லை எஃப் 8 என்னும் அளவில் இயங்க 37.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒளிக்கற்றை வேண்டும். முதலாம் இலக்க மூடுபொறியின் வாய் 30 மில்லிமீற்றர். அதிற் பொருத்தினால் வில்லையின் ஒளி குன்றும். மூன்றாம் இலக்கத்தின் வாய் 45 மில்லிமீற்றர், அது போதுமானது. பழைய குழலிற் பொறித்த துவார எண்கள் புதிய பொறிக்குப் பொருந்தா; அவற்றை மீண்டும் அளந்து பொறித்தல் வேண்டும். வேலை முடிந்தபின் மங்கற் கண்ணாடியின் நான்கு மூலைகளிலும் கண்ணை வைத்து வில்லையை நோக்குக. துவாரத்தின் வட்டம் முழுமையாகத் தெரியின் நன்று; ஒரு பக்கம் வெட்டுண்டு தெரியின் படத்தின் மூலைகள் இருளும்.

இவ்வேலைக்குப் பெரிய தொழிற்சாலை வேண்டுவதில்லை. கடைசற் பொறியும், புரிவெட்டும் கைத்திறனும், பொறுமையும் உடையார் போதும். ஒருகொடவத்தையிலே மோட்டார்ப் பொறியியல் கற்பிக்கும் பயிற்சி நிலையம் உண்டு. பஞ்சிகாவத்தையோ மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்றது. அச்சகங்களில் தகடு செய்வதற்கு வைத்திருந்த பெருங்கமராக்கள் கணினி வந்தபின் கழிக்கப்பட்டன. அவற்றின் வில்லைகள் மிக நுண்மையானவை, மூடுபொறியற்றவை. பித்தளையையும் அலுமினியத்தையும் நிறுத்து வாங்குவோரின் தராசில் இத்தகைய பொருள்கள் ஏறுவது எளிது. ஒருமுறை உருக்கியதை மீட்டல் அரிது.

இங்கே வரலாற்று மாணவன் ஆராயவேண்டிய வினா ஒன்று எழுகின்றது. பழைய வில்லையைப் பயன்பாட்டுக்குக் கொணர்வதற்காக அதன் குழலை அறுக்கலாமா? அறுத்தாலன்றிப் பயனில்லை, பயனற்ற பொருள் பாதுகாக்கப்படாது என்பர் ஒரு சாரார். அவர் கூற்றில் உண்மையுண்டு. பெட்டியிற் பூட்டிய வில்லையைப் பூஞ்சணம் உண்ணும். ஆயினும், அக்குழலிற் பொறித்த செய்தோன் பெயரும் தொடரெண்ணும் கல்வெட்டை ஒத்தவை. எந்நாட்டிற் செய்தது, எக்காலத்தது என்பவற்றை ஆராய அவையே சான்று. கோயில் திருப்பணி செய்வார் பழைய கல்வெட்டுள்ள கல்லைச் செதுக்கி எறிந்தால் நாம் பொறுப்போமா?

ஆதலின் எம் கருத்து இதுவாகும். அடையாளமற்ற அச்சக வில்லைகளின் தொகுதிகளைக் கழற்றி மூடுபொறியிற் பொருத்துவதில் இழுக்கில்லை. ஆயினும் வெற்றுக் குழலை எறியாது வைத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பித்தளை வில்லைகளையோ அறுத்தலாகாது. அவற்றுக்குத் தனி வளையம் கடைந்து, முன்னோ பின்னோ மூடுபொறியை மாட்டுக. நாளை ஒருவர் அதனைக் கழற்றினால், வில்லை செய்த நாளில் இருந்தவாறே இருத்தல் வேண்டும். கொம்பூர் முதலிய மூடுபொறிகளின் உற்பத்தியும் நின்றுவிட்டமையால், கிடைக்கும் பழைய பொறிகளைப் பழுதுபார்க்கும் அறிவும் உடன்வளர வேண்டும்.

பழைய வீடுகளிலும் மூடப்பட்ட படநிலையங்களிலும் பித்தளைக் குழலொன்றைக் காணும் மாணவர், அதனைத் துலக்குமுன் அதிலுள்ள எழுத்துக்களைப் படித்து எழுதிவைப்பாராக. கமரன் அம்மையார் கையாற் கழற்றி மாட்டிய மூடியும் டெக்கல் செய்த பற்சக்கரமும் ஒரே வரலாற்றின் இரு படிகள். முற்படியை இடித்துவிட்டுப் பிற்படியில் நிற்க முயல்வது அறிவுடைமையாகாது.