குப்பை வாரிக்குக் காப்புரிமை கிடைக்குமா?

ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். "பழவேற்காடு பக்கம்தானே உங்களுக்கு, டச்சுக்காரர் கோட்டையைப் பற்றி எழுதுங்களேன்" என்றார்கள். கோட்டையைப் பற்றி எழுத நம்மிடையே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்திருப்பது ஒரு சாதாரணக் கைக்கருவியை முன்னிட்டு. கைக்கருவியைக் கண்டுபிடிப்பு என்று சட்டம் எப்போது ஒப்புக்கொள்ளும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு.

எனக்குச் சொந்த ஊர் அனுப்பம்பட்டு. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே மின்சார ரயில் நின்று போகும் சின்ன ஊர். எங்கள் வகுப்பில் ஏரிக்கரை மீனவக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் பலர் இருந்தார்கள். இன்றைக்கும் அங்கிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. போன வருஷம் அவர்களோடு கரையில் குப்பை அள்ளும் பணிக்கு நானும் போயிருந்தேன். நைந்த நைலான் வலை, தண்ணீர் பாக்கெட், தெர்மோகோல் துண்டு என்று கரை நெடுக ஒரே குப்பை. தென்னந்துடைப்பம் சமதரையில்தான் வேலை செய்யும். சேறும் சிப்பியும் கருங்கல்லும் கலந்து கிடக்கிற இடத்தில் அது எடுபடாது. மண்வெட்டி போட்டால் குப்பையைவிட மணல்தான் அதிகம் வருகிறது. இரும்பு வாரியோ மேட்டில் பட்டால் பள்ளத்தில் படாது.

இதற்காகவே இரண்டு மாணவர்கள் ஒரு கருவி செய்து கொண்டுவந்திருந்தார்கள். மேடு பள்ளத்துக்குத் தகுந்தபடி வளைந்துகொடுத்துக் குப்பையை மட்டும் எடுக்கிறது. நான் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் காலம் தள்ளியவன், காப்புரிமைப் பத்திரங்களைப் படித்த பழக்கம் உண்டு என்று தெரிந்துகொண்டு கேட்டார்கள்: "சார், இதுக்கு பேட்டன்ட் வாங்க முடியுமா? இல்ல, இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பான்னு சிரிப்பாங்களா?"

அந்தக் கருவியின் உள்ளமைப்பை இங்கே நான் எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

பங்காவில் தொடங்கிய கதை

காப்புரிமை என்றால் ராக்கெட்டுக்கும் மருந்துக்கும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தியாவின் முதல் காப்புரிமைச் சட்டம் 1856-இல் வந்தது. அதன்கீழ் முதலில் மனுச் செய்தவர் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங். எதற்குத் தெரியுமா? துரைமார்களின் தலைக்கு மேலே தொங்கும் பங்காவை இழுக்கும் இயந்திரத்துக்கு! அதுவரை ஓர் ஆள் உட்கார்ந்து கயிற்றால் இழுத்த வேலை அது.

அமெரிக்காவில் குப்பை அள்ளும் தட்டுக்கே 1858-இல் காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். அதைத் திருத்திச் செய்த லாயிட் ரே என்ற கறுப்பினத்தவருக்கு 1897 ஆகஸ்டில் இன்னொரு காப்புரிமை கிடைத்தது. ஆகவே, பொருள் சாதாரணமானது என்பதற்காக யாரும் சிரிக்கமாட்டார்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது சட்டத்துக்கும் தெரியும்.

ஜெர்மானியர் ஒரு படி மேலே போனார்கள். வேலைக் கருவிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றில் செய்யும் சிறு முன்னேற்றங்களுக்கென்றே 1891-இல் தனியாக ஒரு சட்டம் செய்தார்கள். முழுக் காப்புரிமைக்குத் தம்பி மாதிரி. ஜப்பானும் 1905-இல் அதைப் பின்பற்றியது. நம் நாட்டில் அந்தத் தம்பி இன்றுவரை பிறக்கவில்லை. கருவியின் வெளித்தோற்றத்தை மட்டும் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதியலாம். அது வேலை செய்யும் விதத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் பெரிய வாசல் வழியாகத்தான் போகவேண்டும்.

கரடுமுரடான தரையும் நீதிமன்றமும்

நம் மாணவர்களின் கேள்விக்கு மிக நெருக்கமான இரண்டு வழக்குகள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்தன. ஒன்று கலப்பை வழக்கு. பாறை மண்டிய நிலத்தில் உழும்போது கல் தடுத்தால் கலப்பைத் தண்டு ஒடிந்துபோகும். கிரஹாம் என்பவர் தண்டு வளைந்துகொடுத்துத் திரும்பி வரும்படி ஒரு பிடிப்பைச் செய்து காப்புரிமை வாங்கினார். பிறகு அதிலேயே தண்டின் இடத்தை மேலிருந்து கீழே மாற்றி இன்னொன்றும் வாங்கினார். ஜான் டீர் கம்பெனியோடு வழக்கு வந்தது. அந்த வேலை தெரிந்த எவனுக்கும் இந்த மாற்றம் தோன்றியிருக்கும் என்று சொல்லி, 1966-இல் இரண்டாவது காப்புரிமையை நீதிமன்றம் செல்லாதாக்கியது.

அடுத்தது மாட்டுக்கொட்டகை வழக்கு. தேக்கிவைத்த தண்ணீரைச் சட்டென்று திறந்துவிட்டுச் சாய்வான தரையில் கிடக்கும் சாணத்தை அடித்துக்கொண்டு போகச் செய்யும் ஏற்பாடு. வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் தொட்டி, கதவு, சாய்தளம் எல்லாம் பழையவை. ஒவ்வொன்றும் தான் எப்போதும் செய்கிற வேலையைத்தான் செய்கிறது என்று 1976-இல் அந்தக் காப்புரிமையும் போயிற்று. நன்றாக வேலை செய்கிறது என்பது மட்டும் போதாது என்பதே இந்த இரண்டிலும் கிடைக்கும் பாடம்.

மிர்சாபூர்ப் பாத்திரம்

நம் நாட்டிலும் இப்படி ஒரு பெரிய வழக்கு உண்டு. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். பாத்திரத்தைக் கடைசல் எந்திரத்தில் பொருத்திச் சுரண்டி மெருகேற்றும்போது அது பிடிப்பை விட்டுத் தெறித்து ஓடும், தொழிலாளிக்கு ஆபத்து. ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம், எதிர்முனையிலிருந்தும் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்து 1951 டிசம்பர் முதல் காப்புரிமை பெற்றது. அதே ஊரில் இன்னொரு நிறுவனம் அதைப் பின்பற்றவே வழக்கு வந்தது.

ஒரு நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் அது பிழைத்தது. கடைசியில் 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே சரி என்றது. நீதிபதி சர்க்காரியா எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: எதிர்முனையில் தாங்கிப் பிடிப்பது கடைசல் தொழிலில் ஏற்கெனவே தெரிந்த சங்கதி. பட்டறையில் அன்றாடம் நடக்கும் திருத்தம் கண்டுபிடிப்பு ஆகாது. பழைய உறுப்புகளைச் சேர்த்தால் புதிய பலனோ, மேலான அல்லது மலிவான பொருளோ கிடைக்கவேண்டும். அதற்குச் சாதாரணக் கைத்திறனுக்கு மேற்பட்ட புத்தி செலவாகியிருக்கவேண்டும். அன்றைய சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 16 ஆண்டுதான். தீர்ப்பு வந்தபோது அந்த ஆயுள் முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது!

இன்றைய சல்லடை

1911-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டத்தை மாற்ற வழி சொன்னவர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என்.ராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கையை அடித்தளமாகக் கொண்டே 1970-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. 1972 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 2002, 2005 திருத்தங்களோடு இன்றும் அதுவே நடப்பில் இருக்கிறது.

அதில் மூன்று கண் உள்ள சல்லடை வைத்திருக்கிறார்கள். பொருள் புதியதாக இருக்கவேண்டும், துறை தெரிந்தவனுக்குச் சட்டென்று தோன்றாததாக இருக்கவேண்டும், தொழிலுக்குப் பயன்படவேண்டும். மூன்றாவது பிரிவு வேறு குறுக்கே நிற்கிறது. தெரிந்த சாதனங்களை வெறுமனே சேர்த்துவைத்து, ஒவ்வொன்றும் தனித்தனியே பழைய வேலையைச் செய்தால் அது கண்டுபிடிப்பல்ல. மரபாக மக்கள் அறிந்திருப்பதும் கண்டுபிடிப்பல்ல.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இது என் கற்பனை, மாணவர்களுடைய கருவி அல்ல. வாரியின் ஒவ்வொரு பல்லுக்கும் தனி ஸ்பிரிங் வைக்கிறோம். மேடு பள்ளத்துக்கு வளையும். ஆனால் ஸ்பிரிங் பல் வைத்த பரம்பு 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கப் பண்ணைகளில் ஓடியது. பின்னால் ஒரு பை கட்டுகிறோம். புல்வெட்டும் இயந்திரத்தில் அது பழைய சங்கதி. பல் தன் வேலையைச் செய்கிறது, பை தன் வேலையைச் செய்கிறது. இது தேறாது. ஆனால் பல் மேலெழும்பும் அதே அசைவு பையின் வாயைத் திறந்து, மணலை உதறிவிட்டுக் குப்பையை மட்டும் உள்ளே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து, தனித்தனியே கிடைக்காத ஒரு பலனைத் தருகின்றன. இங்கே வாதாட இடம் உண்டு. (இதை இங்கே அச்சடித்துவிட்டதால் இனி யாரும் இதைப் புதியது என்று சொல்லிக் காப்புரிமை கேட்க முடியாது. கேட்க நினைத்தவர்கள் என்னை மன்னிக்கவும்!)

நம் மலரும் ஒரு சாட்சி

மாணவர்களின் கருவியை நான் விவரிக்காத காரணம் இப்போது புரிந்திருக்கும். மனுப் போடுவதற்கு முன் எந்தப் பத்திரிகையில் வந்தாலும் அது பழைய செய்தி ஆகிவிடும். நம் ஆண்டு மலரும் அதில் சேர்த்திதான். கல்லூரிக் கண்காட்சியில் வைத்து எல்லோருக்கும் விளக்கிச் சொல்வதும் ஆபத்து. மத்திய அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் படித்த கட்டுரை, வெளியிடத்தில் செய்தே தீரவேண்டிய சோதனை போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஓராண்டு சலுகை உண்டு. அதை நம்பிக் காலம் கடத்தக்கூடாது.

ஆகவே அந்தத் தம்பிகளுக்கு நான் சொன்னது: "முதல்ல தேடிப் பாருங்க. காப்புரிமை அலுவலகத்தோட பத்திரங்களை இணையத்துல காசில்லாம படிக்கலாம். உங்களுது நிஜமாவே புதுசுன்னு தோணுச்சுன்னா, வாயைத் திறக்காம ஒரு தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்துத் தேதியைப் பிடிச்சுக்குங்க. முழு விவரம் கொடுக்கப் பன்னிரண்டு மாசம் டைம் இருக்கு." நம் பகுதிக்கு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தனிநபர் கணினி வழியே மனுப் போட 1,600 ரூபாய், பரிசீலனை கேட்க 4,000 ரூபாய் அரசுக் கட்டணம். வழக்கறிஞர் வைத்தால் செலவு வேறு. கிடைத்தால் 20 ஆண்டு உரிமை, அதற்கு வருடாந்தரக் கட்டணமும் உண்டு.

பழையதை எழுதி வைப்போம்

இதற்கு மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. மஞ்சள் கதை பலருக்கு நினைவிருக்கும். புண்ணை ஆற்ற மஞ்சள் தடவுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்து 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. "எங்க பாட்டி தடவுனாங்க" என்று சொன்னதால் ஜெயிக்கவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பழக்கவழக்கம் செல்லாது, அச்சில் வந்திருக்கவேண்டும். பழைய நூல்களையும் 1953-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் காட்டித்தான் ஜெயித்தார்கள்.

நம் ஏரிக்கரையில் எழுதப்படாத கருவிகள் எத்தனை! பறியை வாயில் கவ்விக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சேற்றில் புதையாமல் நடக்கவும், சிப்பி கையைக் கிழிக்காமல் பொறுக்கவும் அவரவர் வீட்டில் செய்துகொண்ட சாமான்கள் இருக்கின்றன. அவற்றின் படமோ அளவோ எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நாளை யாராவது அதையே புதியது என்று கொண்டுவந்தால் எதைக் காட்டி மறுப்போம்?

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. நல்ல இறால் இடத்தில் வலை கட்டும் உரிமை ஒருவருக்கே நிரந்தரம் கிடையாது. முறை வைத்து மாறி மாறி வரும். காப்புரிமையும் யோசித்துப் பார்த்தால் ஒரு பாடுதான். கண்டுபிடித்தவருக்கு 20 ஆண்டு முறை. அதன் பிறகு ஊருக்கே பொது. தன் முறை வராமலே இடத்தைப் பிடிப்பவனைக் கிராமம் விடுவதில்லை. ஊருக்கு ஏற்கெனவே பொதுவாக இருப்பதை ஒருவர் தனதென்று எழுதிக்கொள்ள நாமும் விடக்கூடாது.

மலர்க் குழுவினருக்கு என் வேண்டுகோள்: அடுத்த மலரில் பத்துப் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். ஏரிக்கரைப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒவ்வொரு கருவியின் பேர், படம், அளவு, செய்யும் விதம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கட்டும். பெரியவர்கள் சம்மதத்தோடு அச்சடிப்போம். தேதி போட்ட ஒரு பிரதி நூலகத்துக்குப் போகட்டும். அச்சுச் செலவில் என் பங்கை இப்போதே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.